எழுதி வெச்சாச்சு… எங்க வெச்சேன்?

யூட்யூப்புக்கு என் மேல என்ன கோவமோ தெரியல. குறிப்பு எழுதற ஆப் பத்தி ஏதோ ஒரு வீடியோவ போனாப் போகுதுன்னு பாத்துத் தொலைச்சேன். அன்னையிலேருந்து விடாம துரத்துது.

"என் ரெண்டாவது மூளையச் சுத்திப் பாக்கலாம் வாங்க"ன்னு ஒரு தம்பி கூப்பிடறாரு. போய்ப் பாத்தா நோஷன்ங்கற ஆப்ல ஒரு பக்கம். மேல பனிமலை படம். நடுவுல கடிகாரம். இந்தப் பக்கம் இன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சாருங்கற கணக்கு. அந்தப் பக்கம் படிக்கப் போற புத்தகங்களோட அட்டைப்படம், வரிசையா. (படிச்சு முடிச்சதுங்கற வரிசை கொஞ்சம் இளைச்சுத்தான் இருந்துச்சு. சும்மா கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்.) ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குட்டி பொம்மை. செடி, ராக்கெட், காபி கப்.

அழகுதான். இல்லைங்கல.

ஆனா தம்பி, உங்க வீட்டு ஈ.பி. சர்வீஸ் நம்பர் என்ன? ஃப்ரிட்ஜ் வாங்கின பில் எங்க? டக்குனு எடுத்துக் காட்டுங்க பாப்போம்.

காட்ட மாட்டாரு. நான் பாத்த எந்த வீடியோவுலயும் யாரும் எதையும் தேடி எடுத்துக் காட்டல. எல்லாரும் வைக்கிறதத்தான் காட்டறாங்க. விதவிதமா வைக்கிறாங்க, கலர் கலரா வைக்கிறாங்க.

என் எரிச்சல் அதுதான். குறிப்பு எழுதறதே பின்னால எடுக்கத்தானே? சரி, எடுக்கறதப் பத்தி நாமளே பேசிடுவோம்னு உக்காந்துட்டேன். நீளமாப் போகும். காபி கீபி எடுத்துக்கங்க.

முதல்ல, நிஜமான ஒரு மனுஷியோட போன்ல குறிப்புங்க எப்படி இருக்கும்னு காட்டறேன். என்னோடதுதான். தலைப்ப மட்டும் பாருங்க:

முக்கியம்
முக்கியம் 2
ரொம்ப முக்கியம்
அத்தை சொன்னது
கேக்கணும்
லிஸ்ட்
பழைய லிஸ்ட் (அழிக்காதே)
5 லிட்டர் - 2 - சின்னது

கடைசிக் குறிப்புக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் இல்ல. தலைப்பு மட்டும்தான். வீட்டுக்காரர் அது பெயிண்ட்டுங்கறாரு. நான் குக்கருங்கறேன். வீட்டுல இன்னும் தீர்ப்பு வரல.

இத சோம்பேறித்தனம்னு நான் ஒத்துக்க மாட்டேன். எழுதற நிமிஷத்துக்கு அதுவே போதும். "அத்தை சொன்னது"ன்னு அடிக்கறப்ப அத்தை பக்கத்துலதான் நிக்கறாங்க. எந்த அத்தை, எதப் பத்திச் சொன்னாங்க, எதுக்காகச் சொன்னாங்க, எல்லாம் தலைக்குள்ள சுடச்சுட இருக்கு. அடுத்த வருஷம் தேடிக்கிட்டு வர்ற ஆளுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. வர்ற ஆளும் நானேதான்னாலும், அவ வேற ஆளு. அவளுக்கு அத்தை ஞாபகமே இருக்காது. அத்தை சொன்னது ஒரு டாக்டரப் பத்தின்னு வைங்க, அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் "காஞ்சிபுரம் டாக்டர்"ங்கறது மட்டும்தான்.

குறிப்பு எழுதறவளுக்கும் தேடறவளுக்கும் நடுவுல இருக்கற இந்தத் தூரம்தான் மொத்தப் பிரச்சினையும். ஃபோல்டர், டேக், லிங்க், பனிமலை எல்லாம் அதுக்கு அப்புறம்.

(இன்னொரு கூட்டம் இருக்கு. ஆப்பே வேண்டாம், வாட்ஸ்அப் போதும்னு. நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கற வசதிய வாட்ஸ்அப் 2022 கடைசிலதான் குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க? ஒரு குரூப் ஆரம்பிக்கறது, வீட்டுல யாரையாவது சேக்கறது, அடுத்த நிமிஷம் அவங்கள தூக்கிடறது. தனி ஆள் குரூப்! என் தம்பிய அப்படித் தூக்கினப்ப, "அக்கா, நான் என்னக்கா பண்ணேன்?"னு போன் போட்டான் பாவம். எழுதிப் போட அத விட சுலபமான இடம் உலகத்துல இல்ல. எடுக்கறதுக்குத்தான், கட்டை விரல் தேயற வரைக்கும் மேல தள்ளணும்.)

சரி, ஃபோல்டருக்கு வருவோம்.

ஒழுங்கா அடுக்கணும்னு முடிவு பண்ணா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது அதுலதான். நானும் போட்டேன். வீடு, ஆபீஸ், பணம், உடம்பு, சமையல், ஊர். லட்சணமா இருந்துச்சு.

அப்புறம் மோட்டார் வந்துச்சு.

ஊர் வீட்டுக் கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சு. மெக்கானிக் தம்பி கழட்டிட்டுப் போய் காயில் கட்டிக் கொண்டாந்து மாட்டிட்டு, போன்ல எனக்கு விவரம் சொன்னாரு. நான் எழுதிக்கிட்டேன். எத்தனை ஹெச்.பி., பழைய காயில் அலுமினியம், இப்ப கட்டினது காப்பர், கெப்பாசிட்டரும் மாத்தியாச்சு, கூலி இவ்வளவு, சாமான் இவ்வளவு. கடைசியா, "அக்கா, கரண்ட்டு டிம்மா வர்றப்ப மோட்டாரப் போடாதீங்க, மறுபடி என்கிட்டதான் வருவீங்க."

இது எந்த ஃபோல்டர்ல போகும்?

வீடா? ஊரா? ரூபா குடுத்திருக்கோம், அப்ப பணமா? பழுதுன்னு புதுசா ஒண்ணு தொறக்கணுமா? தொறந்தா, அடுத்து மிக்ஸி பழுதானா அதுக்குள்ளயா, சமையலுக்குள்ளயா?

அமெரிக்காவுல தியாகோ ஃபோர்ட்டேன்னு ஒருத்தர் இருக்காரு. "பில்டிங் எ செகண்ட் பிரெய்ன்"னு 2022-ல புத்தகம் போட்டாரு. நம்ம வீடியோ தம்பிங்களுக்கு அவர்தான் குரு. அவரோட பாரா முறைல ஃபோல்டர் நாலே நாலு: இப்ப ஓடிக்கிட்டிருக்கற வேலை, எப்பவும் கவனிக்க வேண்டிய பொறுப்பு, என்னைக்காவது உதவப்போற விஷயம், முடிஞ்சு போனது. எந்தத் தலைப்புங்கறத விட்டுட்டு, எப்ப தேவைப்படும்ங்கறத வெச்சுப் பிரிக்கிறாரு. ஆபீஸ் வேலைக்கு நிஜமாவே நல்ல யோசனை. கிண்டல் இல்ல.

ஆனா என் மோட்டார்? எரிஞ்ச அன்னைக்கு அது வேலை. மாட்டினதும் பொறுப்பு. அடுத்த மாசம் முடிஞ்சு போனது. மறுபடி எரிஞ்சா மறுபடி வேலை. மோட்டார் ஃபோல்டர் ஃபோல்டரா நடையா நடக்கும். தூக்கிக்கிட்டு அலைய நான் ஒருத்தி.

இந்த இடத்துல ஒரு சீர்காழிக்காரரப் பத்திச் சொல்லாம போனா பாவம் வந்து சேரும்.

எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகப் படிப்பு படிச்சவங்ககிட்ட இந்தப் பேரச் சொல்லிப் பாருங்க, எழுந்து நிப்பாங்க. 1892-ல பொறந்தவரு. கணக்கு வாத்தியார். 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா சேந்தாரு. சேந்தவருக்கு வேலை துளியும் பிடிக்கல. நான் பாடம் சொல்லிக்குடுக்கவே போறேன்னு நின்னாரு. முதல்ல லண்டன் போய்ப் படிச்சுட்டு வாங்க, அப்பறம் பாப்போம்னு அனுப்பி வெச்சாங்க. போனவரு, திரும்பி வரும்போது வேற ஆளா வந்தாரு.

லண்டன்ல அவர உறுத்தினது என் மோட்டார் பிரச்சினைதான். நூலகத்துல புத்தகம் பிரிக்கற டூயி முறைல அறிவு மொத்தத்தையும் முன்கூட்டியே பத்துப் பத்தா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டு வெச்சிருப்பாங்க. புத்தகம் வந்தா அதுக்கான கட்டத்துல போய் உக்காந்துக்கணும். மூணு விஷயம் கலந்த புத்தகம் ஒண்ணு வந்தா? முழி பிதுங்கும்.

அப்பதான் செல்ஃப்ரிட்ஜஸ்ங்கற பெரிய கடைல மெக்கானோ விளையாட்டுச் சாமான் விக்கிறதப் பாத்திருக்காரு. அதே தகடு, அதே திருகாணி, அதே சக்கரம். மாத்தி மாத்தி முடுக்கினா ஒரு பொம்மையிலேருந்து இன்னொரு பொம்மை வருது. அவருக்குப் பொறி தட்டிடுச்சு. புத்தகத்துக்கு ரெடிமேடா ஒரு எண் எதுக்கு? துண்டுங்களத் தயாரா வெச்சுக்கிட்டு, புத்தகம் வர்றப்ப ஒட்டிக்கலாமே? ஒட்டற இடத்துல கோலன். அதனால பேரே கோலன் கிளாசிஃபிகேஷன். 1933-ல புத்தகமா வந்துச்சு. அந்தத் துண்டுங்கள எது, என்ன பொருள், என்ன செயல், எங்க, எப்பன்னு அஞ்சு பக்கமா பின்னால வகுத்தும் குடுத்தாரு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1931-ல, நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதிட்டாரு. அதுல நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சப்படுத்தணும்ங்கறது. கவனிங்க, அடுக்கறவரோட நேரம் இல்ல. கேட்டு வர்றவரோட நேரம்.

யூட்யூப்ல இவர் இருந்திருந்தா பனிமலை படத்துக்கு அனுமதி கிடைச்சிருக்காது.

இந்த அஞ்சு பக்கத்த அப்படியே என் போனுக்குக் கொண்டாந்துட்டேன். ஃபோல்டர்ல இல்ல, தலைப்புல. பழைய தலைப்பு "மெக்கானிக் சொன்னது". புதுத் தலைப்பு:

மோட்டார் - காயில் கட்டினது - காப்பர் - ஊர் வீடு - 2024-05

இப்ப நான் மோட்டார்னு தேடினாலும் வரும், காயில்னு தேடினாலும் வரும், ஊர் வீடுன்னு தேடினாலும் வரும். அடுத்த வருஷத்து நான் எந்தப் பக்கத்துலேருந்து வருவேன்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது. அதனால எல்லாப் பக்கமும் ஒரு கதவு.

(பெரியவருக்கு மரியாதையா நடுவுல கோலன் போட்டுத்தான் முதல்ல எழுதினேன். நான் வெச்சிருக்கற ஆப் ஒத்துக்கல. தலைப்புதான் அங்க ஃபைல் பேரு, ஃபைல் பேருல கோலன் வரக்கூடாதாம். கோலன் முறைக்கு வந்த சோதனையப் பாருங்க!)

தேதிய மட்டும் ஏன் தலைகீழா எழுதறேன்னா, வருஷம் முதல்ல, மாசம் அப்புறம், நாள் கடைசின்னு எழுதினா, பேர் வரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை தானா வந்துடும். 12-05-2024-னு நம்ம வழக்கப்படி எழுதினா, எல்லா வருஷத்து பன்னெண்டாம் தேதியும் ஒண்ணா கூடி உக்காந்துக்கும்.

"தலைப்புக்கு இத்தனை பாடு எதுக்கு, டேக் போட்டா ஆச்சு"ன்னு சொல்ற ஆளுங்க உண்டு. நியாயம்தான். ஒரு குறிப்ப ஒரு ஃபோல்டர்லதான் போட முடியும், டேக் எத்தனை வேணா ஒட்டலாம்.

ஒட்டினேனே. ஒட்டித்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் சமையல்னு டேக் போடறோம். இன்னொரு நாள் ரெசிபி. மூணாவது நாள் சாப்பாடு. வெங்காய வத்தக்குழம்பு ஒண்ணுல இருக்கு, பூண்டு வத்தக்குழம்பு வேற ஒண்ணுல. எந்த டேக் போட்டோம்ங்கறத ஞாபகம் வெச்சுக்க ஒரு குறிப்பு எழுதணும். (எழுதினேன். தலைப்பு: லிஸ்ட்.) கூகுள் கீப்ல லேபிளுக்கு ஒரு வரம்பு உண்டு. பலபேர் அதக் குறையாச் சொல்றாங்க. என்னைக் கேட்டா அது கருணை.

இப்ப என் டேக் கொள்கை இதுதான்: குறிப்புக்குள்ள எழுத்துல இருக்கறத டேக்ல திரும்பச் சொல்லாதே. வத்தக்குழம்புக் குறிப்புக்குள்ள வத்தக்குழம்புன்னு எழுதியிருக்கு, தேடினா வந்துடும், அதுக்கு டேக் தண்டம். எழுத்துல இல்லாத ஒண்ணச் சொல்லத்தான் டேக். "பாக்கி"ன்னு ஒண்ணு வெச்சிருக்கேன். அத அமுக்கினா, எனக்கு வர வேண்டிய பணம், நான் திருப்பித் தர வேண்டிய பாத்திரம், வாங்கிட்டு வரச் சொன்ன ஜாதிச் சான்றிதழ் நகல், எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். முடிஞ்சதும் டேக்கக் கழட்டிடுவேன். "வாரண்டி"ன்னு இன்னொண்ணு. அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இங்கிலீஷ் வீடியோ எதுவும் சொல்லாத விஷயம். தமிழ்ல எழுதி வெச்சா, தமிழ்ல தேடணும். அது தனி வித்தை.

கடன்னு தேடறீங்க. குறிப்புல "கடனுக்கு வட்டி"ன்னு எழுதியிருக்கு. வராது!

ஏன்னா, கம்ப்யூட்டருக்குள்ள ன்-ங்கறது ஒரே எழுத்து இல்ல. "ன" தனி, புள்ளி தனி. நீங்க தேடறது க, ட, ன, புள்ளி. குறிப்புல இருக்கறது க, ட, ன, அப்புறம் உகரக் கொம்பு. மூணு எழுத்து வரைக்கும் சரியா வந்து, புள்ளில வண்டி நின்னுடுது. "கடன"ன்னு புள்ளி இல்லாம அடிங்க. கடன், கடனுக்கு, கடனை, கடனாளி, அத்தனை பேரும் வரிசைல வந்து நிப்பாங்க.

வீடுன்னு தேடினா வீட்டுல, வீட்டுக்கு எதுவும் வராது. "வீட"ன்னு அடிங்க, ரெண்டும் வரும். கிணறு? "கிணற". (கெணறுன்னு பேச்சு வழக்குல எழுதியிருந்தா அது வேற கதை.) மரத்துக்கு "மர" போதும், ஆனா மரபும் மரணமும் கூடவே வரும், பயந்துடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. சில ஆப் சொல்லோட ஒரு பகுதிய அடிச்சாலே தேடும், சிலது முழுச் சொல் இருந்தாத்தான் மதிக்கும். உங்களுது எந்த ரகம்னு சோதிக்கறது சுலபம். "கடனுக்கு"ன்னு ஒரு குறிப்பு எழுதிட்டு "கடன"ன்னு தேடிப் பாருங்க. வரலைன்னா, தமிழ்ல எழுதறவங்களுக்கு அந்த ஆப் லாயக்கில்ல. எத்தனை பொம்மை இருந்தாலும் சரி.

அடுத்தது, கண்ணுக்கே தெரியாத வில்லன். பௌர்ணமி.

திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் பஸ் நேரம் எழுதி வெச்சிருந்தேன். பௌர்ணமின்னு தேடினா இல்லைங்குது. கண்ணு முன்னாடி குறிப்பு இருக்கு, பௌர்ணமின்னு கொட்டை எழுத்துல இருக்கு, ஆப் இல்லைங்குது. கண்ணாடியத் தொடைச்சுப் பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது. ஒண்ணு "பௌ", ஒரே உயிர்மெய். இன்னொண்ணு "பெ" போட்டு பக்கத்துல "ள" போட்டது, பெளர்ணமி. பாக்க ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் சம்பந்தமே இல்லாத ரெண்டு சொல். ஔவையாரும் இப்படித்தான் ஒ-வும் ள-வுமா ஒளவையாராகி ஊரெல்லாம் நிக்கிறாங்க. ஔகாரம் வர்ற சொல்லத் தேடிக் கிடைக்கலைன்னா, ரெண்டாவது மாதிரியும் ஒரு தடவை அடிச்சுப் பாத்துடுங்க.

மூணாவது, நம்ம தங்கிலீஷ். வாடகைங்கறத இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறப்ப ஒரு நாள் ஒரு "ஏ" போடறோம், ஒரு நாள் ரெண்டு "ஏ". ஒரு நாள் "டி", ஒரு நாள் "டி"யோட "ஹெச்". "ஜி"யா "கே"யான்னு அன்னைக்கு மனசு எப்படியோ அப்படி. சில நாள் பேசாம ரென்ட்டுனே எழுதிடுவோம். ஒரே வாடகை, எத்தனையோ வேஷம். எந்த ஆப்பும் இத ஒண்ணு சேக்காது.

(பழைய பாமினி, டாப், டிஸ்கி காலத்துல டைப் அடிச்ச ஃபைலெல்லாம் வெச்சிருக்கறவங்களுக்கு நாலாவது வில்லனும் உண்டு. அந்த ஃபான்ட் இல்லாம தொறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமாத் தெரியும், தேடல்ல எதுவும் சிக்காது. யூனிகோடுக்கு மாத்தற கருவிங்க இலவசமாவே இருக்கு. மாத்தி வெச்சுடுங்க, தள்ளிப் போடாதீங்க.)

இதுக்கெல்லாம் சேத்து நான் ஒரே ஒரு வேலை பண்றேன். ஒவ்வொரு குறிப்போட அடிலயும் ஒரு வரி. "தேட:"ன்னு ஆரம்பிக்கும். வாடகை ஒப்பந்தக் குறிப்புல அந்த வரி இப்படி: தேட: வாடகை, வீட்டு ஓனர், அட்வான்ஸ், அக்ரிமெண்ட். அப்புறம் அதே சொல்லுங்க இங்கிலீஷ் எழுத்துல ஒரு தடவை. அடிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஆகாது.

போட்டோவுக்கும் இதுதான். வாரண்டி கார்டு, டாக்டர் சீட்டு எல்லாத்தையும் படம் எடுத்து நோட்ஸ்ல போட்டு வெக்கறோம் இல்லையா? படத்துக்குக் கீழ நாலு சொல் எழுதலைன்னா அது குறிப்பே இல்ல. டாக்டர் கையெழுத்த மருந்துக்கடைக்காரரே வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறாரு, ஆப் என்னத்தப் படிக்கும்?

லிங்க் போடறதப் பத்தியும் கேப்பீங்க. அதுக்கும் ஒரு பெரிய மனுஷர் இருக்காரு. ஜெர்மனில நிக்லாஸ் லூமன்னு ஒரு சமூகவியலாளர். 1998-ல காலமானாரு. துண்டுச் சீட்டுல எழுதி எழுதி மரப்பெட்டில போட்டு வெச்சவரு. கிட்டத்தட்ட 90,000 சீட்டு! கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நம்பர், இந்தச் சீட்டோட சேத்து அந்தச் சீட்டப் பாருன்னு அங்கங்க நம்பர் குறிப்பு. பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் அந்தப் பெட்டிங்கள ஸ்கேன் பண்ணி நெட்டுல போட்டுக்கிட்டு வருது.

எனக்குப் பிடிச்சது அவரோட சொல் அடைவுதான். ஒரு சொல்லுக்கு அதுல சம்பந்தப்பட்ட எல்லாச் சீட்டும் இருக்காது. ஒண்ணு ரெண்டு நம்பர் மட்டும் இருக்கும். அங்க போய்ச் சேந்துட்டா, அந்தச் சீட்டே அடுத்த சீட்டுக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்.

இப்ப அப்சிடியன்ங்கற ஆப்ல ரெட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டா அதேதான், லிங்க் ஆயிடும். கூடவே எல்லா லிங்க்கையும் கோடு கோடா இழுத்து ஒரு படம் காட்டும். மின்னும், அசையும், இழுத்தா ஆடும். வீடியோ தம்பிங்க அங்கதான் விழுந்து கிடக்கறாங்க.

லூமன் யோசனைங்கள எழுதினாரு. ஒரு யோசனை இன்னொண்ணோட மோதி மூணாவது பொறக்கணும், அதுக்கு லிங்க் வேணும். அந்தப் பெட்டில அவர் கேஸ் புக்கிங் நம்பர் வெச்சிருக்க மாட்டாரு. நம்ம போன்ல இருக்கறதுல பெரும்பாலும் தகவல். தகவலுக்கு நல்ல தலைப்பு போதும். கட்டுரை எழுதறீங்க, ஆராய்ச்சி பண்றீங்க, கதைக்கு விஷயம் சேக்கறீங்கன்னா லிங்க் போடுங்க, நல்லாவே உதவும். வத்தக்குழம்பையும் வாடகையையும் கோடு போட்டு இணைச்சு எந்தத் தத்துவமும் பொறக்கப் போறதில்ல.

சரி, கடைசில எல்லாரும் கேக்கற கேள்வி. எந்த ஆப் நல்லது?

எதுல உள்ள போறோம்ங்கறத விட, எப்படி வெளிய வர்றதுன்னு பாருங்க. எவர்நோட் 2008-ல வந்தப்ப, எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கற யானை அதுன்னு உலகமே கொண்டாடிச்சு. அப்புறம் பெண்டிங் ஸ்பூன்ஸுங்கற இத்தாலிக் கம்பெனி கைக்குப் போச்சு. 2023 டிசம்பர்லேருந்து இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக்னு வரம்பு வந்துச்சு. கூகுள்ல நோட்புக்னு ஒரு சேவை இருந்துச்சு, 2012-ல மூடிட்டாங்க. அடுத்த வருஷமே கீப் வந்துச்சு. கம்பெனிங்களுக்கு அவங்க கணக்கு, தப்பில்ல. நமக்கு நம்ம கணக்கு இருக்கணும்.

அதனால என் குறிப்பெல்லாம் சாதாரண எழுத்து ஃபைலா இருக்கு. மார்க்டவுன்னு சொல்வாங்க, 2004-ல ஜான் க்ரூபர் கொண்டு வந்தது. ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. தலைப்புன்னா முன்னாடி ஒரு ஹேஷ் குறி, பட்டியல்னா ஒரு சிறுகோடு. எந்தக் கம்ப்யூட்டர்லயும், எந்த எழுத்து ஆப்லயும் தொறக்கும். ஆப் கடைய மூடினாலும் ஃபைல் என்கிட்ட இருக்கும். உங்களுக்கு கீப்பே வசதின்னா கீப்லயே இருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கூகுள் டேக்அவுட்ல பிரதி எடுத்து வெச்சுக்கங்க. ஒன்நோட்டோ நோஷனோ, எதுவா இருந்தாலும் எக்ஸ்போர்ட்ங்கற பட்டன் எங்க இருக்குன்னு முதல் நாளே பாத்து வெச்சுடுங்க.

பாஸ்வேர்ட், பின் நம்பர் மட்டும் நோட்ஸ்ல வேண்டாம். அதுக்குன்னு பாஸ்வேர்ட் மேனேஜர் இருக்கு. "ரொம்ப முக்கியம்"னு தலைப்பு போட்டு ஏ.டி.எம். பின் எழுதி வைக்கிறது, திருடனுக்கு நாமளே ரங்கநாதன் ஆகறது.

ஃபோல்டர் முழுசா ஒழிஞ்சுதான்னா, இல்ல. ரெண்டு இருக்கு. ஒண்ணு எனக்கு மட்டும். இன்னொண்ணு வீடு மொத்தத்துக்கும், இவர் போன்லயும் அது தெரியும். இந்த ரெண்டாவதுதான் சரியான பரீட்சை. நான் வெளியூர்ல இருந்தேன், இவர் ஒரு நாள் போன் பண்றாரு.

"ஏம்மா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்ப தண்ணி ஊத்தினோம்?"

"நோட்ஸ்ல இருக்கு, தேடுங்க."

"பேட்டரின்னு போட்டேன், வரல."

"இன்வெர்ட்டர்னு போடுங்க."

"அத நீ சொன்னாத்தானே தெரியும்?"

சரியான கேள்வி! நான் இன்வெர்ட்டர்னு நினைக்கிறத அவர் பேட்டரின்னு நினைக்கிறாரு. போன வெச்ச கையோட "தேட:" வரில பேட்டரியச் சேத்துட்டேன். இனிமே அந்தக் குறிப்புக்கு அவர் வழியும் தெரியும்.

இதுலேருந்து வந்ததுதான் என் கடைசி யோசனை, இருக்கறதுலயே உருப்படியானதும் இதுதான். பழைய குறிப்பு ஆயிரக்கணக்குல கிடக்கு, எல்லாத்தையும் எப்படி ஒழுங்கு பண்றதுன்னு மலைக்காதீங்க. ஞாயித்துக்கிழமைய அதுக்குத் தியாகம் பண்ணாதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்.

எப்பவாவது ஒண்ணத் தேடுவீங்க. முதல் சொல்லுக்கு வராது. ரெண்டாவதுக்கும் வராது. முட்டி மோதி ஒருவழியாக் கிடைக்கும். அந்த நிமிஷம் வேலை முடிஞ்சுதுன்னு ஆப்ப மூடிடாதீங்க. முதல்ல எந்தச் சொல்லப் போட்டுத் தேடினீங்களோ, அந்தச் சொல்ல அந்தக் குறிப்போட அடில சேருங்க. தலைப்பு "முக்கியம்"னு இருந்தா அதையும் மாத்துங்க. அப்புறம் மூடுங்க.

தேவைப்படற குறிப்பு ஒவ்வொண்ணா இப்படித் தானா சரியாயிடும். யாரும் தேடாத குறிப்பு தலைப்பில்லாமயே கிடந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

உங்க போன்ல "முக்கியம்" எத்தனை இருக்குன்னு கமெண்ட்டுல சொல்லுங்க. 5 லிட்டர் விவகாரத்துல குக்கர் கட்சில சேர விரும்பறவங்களுக்கும் இடம் இருக்கு.